ஆஸ்லோவுக்குப் போகாத பயணி

2016-ல் ஒருவர் அமெரிக்காவின் சியாட்டிலில் லுஃப்தான்சா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் விமானம் ஏறி, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கினார். அவருடைய டிக்கெட் அங்கே முடியவில்லை. இன்னொரு விமானம் மாறி நார்வேயின் ஆஸ்லோ வரை போக வேண்டும். அவர் ஆஸ்லோ விமானத்தில் ஏறவில்லை. தனியாக எடுத்து வைத்திருந்த வேறொரு டிக்கெட்டில், அதே லுஃப்தான்சா நிறுவனத்தின் விமானத்தில், பெர்லினுக்குப் போய்விட்டார்.

போன விமானத்துக்கும் பணம் கட்டியிருந்தார், போகாத விமானத்துக்கும் கட்டியிருந்தார். அப்படியும் பாக்கி இருக்கிறது என்று லுஃப்தான்சா அவரிடம் 2,112 யூரோ கேட்டது. ஆஸ்லோவிலிருந்து சியாட்டிலுக்குப் போக, வர சேர்த்து அந்த டிக்கெட்டின் விலையே சுமார் 657 யூரோதான். ஏறாத ஒரு விமானத்தின் பேரில் டிக்கெட் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அவர் கட்டவில்லை. வழக்கு பெர்லின் மிட்டே பகுதி நீதிமன்றத்துக்குப் போனது. 2018 டிசம்பரில் நீதிமன்றம் லுஃப்தான்சாவின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்ததும், 2019 பிப்ரவரியில் உலகமெங்கும் செய்தியானது.

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் பதினேழு வருடமாக டிக்கெட் போடுகிறேன். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்: “அண்ணே, அந்த ஊருக்கு நேரா எடுத்தா ரேட்டு ஜாஸ்தியா காட்டுது. அதே ஊர் வழியா அடுத்த ஊருக்கு எடுத்தா கம்மியா காட்டுது. எடுத்துட்டு நடுவுல எறங்கிட்டா என்ன? காசுதான் கட்டிட்டேன்ல. நான் உக்காராட்டி அவங்களுக்கு என்ன நஷ்டம்?”

அந்தக் கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. வெகுநாள் “விதிப்படி கூடாதுங்க” என்று சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். பெர்லின் வழக்கைப் படித்த பிறகுதான் நான் சொல்லி வந்தது பதிலே இல்லை என்று உறைத்தது. தலைப்புச் செய்தி “பயணி வென்றார்” என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு பயணிகள் இஷ்டத்துக்கு நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை, விமான நிறுவனம் கூடுதல் பணம் கேட்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. அது கேட்டது வேறு ஒன்று.

முதலில் விலை. நமக்குப் பழகிய கணக்கு ரயில் கணக்கு. திருச்சியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு விலை, சென்னைக்கு அதைவிட அதிக விலை. தூரம் கூடக் கூடக் கட்டணம் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. சென்னை டிக்கெட்டை வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் இறங்கினால் நஷ்டம் நமக்கு, யாரும் வழிமறித்துக் கேட்கப் போவதில்லை. சாதாரண நீண்ட தூர டிக்கெட்டில் 500 கிலோமீட்டர் தாண்டியபின் வழியில் ஓர் ஊரில் இறங்கித் தங்கிவிட்டு அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடரவே ரயில்வே இடம் கொடுக்கிறது. இந்தக் கணக்கோடு விமான டிக்கெட்டைப் பார்க்கும்போதுதான் தலை சுற்றுகிறது.

விமானத்தில் விலை தூரத்துக்கு இல்லை, ஊர்ச் சோடிக்கு. ஆஸ்லோவிலிருந்து சியாட்டிலுக்குப் போக நினைப்பவருக்கு எத்தனையோ வழி இருக்கிறது: ஐஸ்லாந்து வழியாக, லண்டன் வழியாக, ஆம்ஸ்டர்டாம் வழியாக. அவருக்கு எப்படியும் எங்காவது ஓர் இடத்தில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும், எனவே மலிவாகக் கொடுப்பவரிடம் போவார். அங்கே லுஃப்தான்சா பல கடைகளில் ஒரு கடை, விலையை இறக்கினால்தான் ஆள் வரும். ஃபிராங்க்ஃபர்ட்காரர் நிலைமை வேறு. அது லுஃப்தான்சாவின் சொந்த மையம். வீட்டுப் பக்கத்தில் ஏறி மாறாமல் நேரே சியாட்டிலில் இறங்கும் வசதிக்கு அவர் கூடுதலாகக் கொடுப்பார் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஆக, ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஆஸ்லோவிலிருந்து வந்து மாறியவர் குறைவாகக் கொடுத்திருப்பார், ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே ஏறியவர் நிறையக் கொடுத்திருப்பார். இடையில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அதிகம் பறந்தவருக்குத்தான் மலிவு.

இந்த மையம் வைத்து இயங்கும் முறை அமெரிக்காவில் 1978-ன் விமானக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்துக்குப் பிறகு வேர்விட்டது. அதுவரை எந்த வழித்தடத்தில் யார் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு வாரியம் தீர்மானித்தது. கட்டுப்பாடு போனதும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டது: டெல்டாவுக்கு அட்லாண்டா, அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு டல்லஸ், யுனைடெட்டுக்குச் சிகாகோ. சின்ன ஊர்களிலிருந்து ஆட்களை அந்த மையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பும் ஏற்பாடு. சின்ன ஊருக்கு விமானம் கிடைத்தது இதனால்தான். மைய ஊரிலேயே இறங்க வேண்டியவர் அதிகம் கொடுக்க நேர்ந்ததும் இதனால்தான். நடுவில் இறங்கும் வித்தை இந்த இடைவெளியில் முளைத்தது.

இனி ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பயணி இறங்கிய இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலை எங்கே சாத்தியமாகிறது, எங்கே உடைகிறது என்பது அங்கேதான் தெரிகிறது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதனால் அமெரிக்காவிலிருந்து வருபவருக்குக் கடவுச்சீட்டுச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும், ஆஸ்லோவில் இல்லை. சோதனை முடிந்து உள்ளே வந்தால் ஆஸ்லோவுக்குப் போகிறவரும் பெர்லினுக்குப் போகிறவரும் ஒரே பகுதியில்தான் நடக்கிறார்கள். தலைக்கு மேலே இருக்கும் பலகையில் இரண்டு ஊரின் பெயரும் வரும். ஒரு கேட்டுக்குப் பதில் இன்னொரு கேட்டுக்குப் போனால் போதும். பிடித்து நிறுத்தி “உன் டிக்கெட் ஆஸ்லோவுக்கு ஆயிற்றே” என்று கேட்க ஒருவரும் கிடையாது.

பெட்டி மட்டும் அப்படி நடந்து வராது. கவுன்ட்டரில் கொடுத்த பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் அந்த நீளமான பட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி இருக்கும். அது டிக்கெட்டின் கடைசி ஊருடையது, நீங்கள் மனதில் நினைத்திருக்கும் ஊருடையது அல்ல. சியாட்டிலில் பெட்டியைக் கொடுத்திருந்தால் ஆஸ்லோ என்று பட்டை ஒட்டியிருப்பார்கள். கைப்பையோடு மட்டும் பயணம் செய்பவருக்குத்தான் இது சாத்தியம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே வைக்க இடமில்லை என்று கடைசி நேரத்தில் கேட்டிலேயே கைப்பெட்டியை வாங்கிக் கீழே போடச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

பெட்டி ஏறி ஆள் ஏறவில்லை என்றால் அந்தச் சிரமம் அவரோடு முடிவதில்லை. 1985-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரம் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். பெட்டியைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை, பெட்டி மட்டும் பறந்தது. அதன் பிறகுதான் ஆளில்லாத பெட்டியை இறக்கிவிட்டுப் பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உலகெங்கும் இறுகியது. எனவே நீங்கள் நடுவில் நழுவினால், உங்கள் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள், பிறகு சரக்கறையைத் திறந்து நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குள் உங்கள் ஒரு பெட்டியைத் தேடுவார்கள். உள்ளே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். “அவங்களுக்கு என்ன நஷ்டம்” என்ற கேள்விக்கு இந்த ஓர் இடத்தில் எனக்குத் தயக்கமில்லாத பதில் உண்டு: பெட்டியைக் கொடுத்துவிட்டு நழுவுவது தப்பு. விமான நிறுவனத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பயணி செய்ததில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வரிசை. அவர் விட்டது கடைசித் துண்டை. போகும்போது ஆஸ்லோவில் ஏறி ஃபிராங்க்ஃபர்ட் வந்து சியாட்டில் போனார். திரும்பும்போதும் சியாட்டிலிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை ஒழுங்காக வந்தார். நான்கில் நான்காவது மட்டும்தான் மிச்சம். மின் டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன் உண்டு. பழைய காகித டிக்கெட்டில் சிவப்பு மை படிந்த தாள்களாக இருந்தவை இப்போது கணினியில் வரிகளாக இருக்கின்றன. ஒன்று பறந்ததும் அடுத்தது திறக்கும். முதல் கூப்பனையோ நடுக் கூப்பனையோ தவறவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கணினியே ரத்து செய்துவிடும்.

இதில்தான் நம் ஊர் ஆட்கள் மாட்டுகிறார்கள், அதுவும் காசு மிச்சம் பிடிக்க நினைக்காமலே. எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு மதுரையிலிருந்து சென்னை வழியாக வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சென்னையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். ரயிலில் போய்க் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, சென்னையிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டியதும், உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது என்றார்கள். இரவு பதினொன்றரைக்கு எனக்குப் போன் வந்தது. “தம்பி, நான் சென்னைலதான் நிக்கிறேன், பிளேனும் இங்கதான் நிக்குது, ஏத்த மாட்டேங்கிறாங்கப்பா.” அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று அவர் புது டிக்கெட் வாங்கித்தான் போனார். போடும்போதே “மதுரையில் ஏறாவிட்டால் சென்னையில் ஏற முடியாது” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், அது என் மேல் இருக்கும் குறை. அதற்குப் பிறகு கனெக்ஷன் டிக்கெட் வாங்கும் எவரையும் இந்த வரியைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை.

ஜெர்மனியிலும் விதி ஒருகாலத்தில் இப்படியே இருந்தது: வரிசை மாறினால் டிக்கெட் செல்லாது. அதை எதிர்த்து நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2010 ஏப்ரல் 29 அன்று ஜெர்மனியின் உச்ச நிலைக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெர்லின் வழக்கின் வேர் இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய சேவையில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொள்வது, பொதுவாக, அவர் உரிமை. அதே சமயம், மாறிப் போகும் பயணத்தை மலிவாகவும் நேர்ப் பயணத்தை விலை கூட்டியும் விற்பது நிறுவனத்தின் உரிமை. அந்த விலை அமைப்பைக் காப்பாற்றிக்கொள்ள அது நினைப்பதிலும் தவறில்லை. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் டிக்கெட்டே செல்லாது என்பது அளவுக்கு மீறியது. ரயில் தாமதமாகி முதல் விமானத்தைத் தவறவிட்டவரும் தந்திரம் செய்தவரும் ஒரே தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. உண்மையில் பறந்த வழிக்கு வாங்கும்போது அதிக விலை இருந்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் கேட்பது போதும். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் காட்டிய அந்த வழியை லுஃப்தான்சா தன் விதியில் எழுதிக்கொண்டது. டிக்கெட்டில் உள்ள வரிசைப்படி பறக்காவிட்டால், நீங்கள் பறந்த வழிக்கு முன்பதிவு செய்த நாளில் என்ன விலை இருந்திருக்குமோ அதைக் கணக்கிட்டு வித்தியாசத்தைக் கேட்போம் என்றது. 2,112 யூரோ அப்படித்தான் வந்தது. நிறுவனம் வானத்திலிருந்து தொகையை எடுக்கவில்லை, தன் தாளில் இருந்த விதியைத்தான் காட்டியது.

பெர்லின் நீதிபதி அந்த விதியைப் பயணியின் பக்கத்திலிருந்து படித்தார். டிக்கெட் வாங்கும் நாளில், கடைசி விமானத்தை விட்டால் தன் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒருவர் கணக்கிட முடியுமா? முடியாது. பறந்த வழிக்கு அன்றைக்கு எத்தனையோ விலை இருந்திருக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாற்றத்தக்க டிக்கெட்டுக்கு ஒன்று, மாற்ற முடியாததற்கு ஒன்று. இவற்றில் எதை எடுத்து நிறுவனம் கணக்குப் போடும் என்பது பயணிக்குத் தெரிய வழியில்லை. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 307-ஆம் பிரிவு, நிறுவனங்கள் அச்சடித்து வைத்திருக்கும் ஒப்பந்த விதிகள் தெளிவாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. தெளிவில்லாத விதி வாடிக்கையாளருக்குப் பாதகமானது என்று கொள்ளப்பட்டுச் செல்லாமல் போகும். இந்த விதி அப்படித்தான் போனது. விதி போனதும் அதன் மேல் நின்ற 2,112 யூரோவும் போனது.

இது ஒரு கீழ் நீதிமன்றத் தீர்ப்பு. ஜெர்மனியில் அப்போது 5,000 யூரோ வரையிலான வழக்குகளைப் பார்த்த நீதிமன்றம் அது. அதன் சொல் மற்ற நீதிமன்றங்களைக் கட்டாது. வெற்றி என்ற பேரில் இதைப் பெரிதாக்கிப் பகிர்ந்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அதே 2018 நவம்பரில் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் ஐபீரியா நிறுவனத்தின் இதுபோன்ற ஒரு விதியை, அதாவது போகும் பயணத்தில் ஏறாவிட்டால் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்யும் விதியை, முறையற்றது என்றது. ஐரோப்பாவின் நீதிமன்றங்கள் விமான நிறுவனங்களின் விதித் தாளை எடுத்து வைத்து வரிவரியாகப் படிக்கத் தொடங்கிய காலம் அது.

அமெரிக்காவில் சண்டை வேறு களத்தில் நடந்தது. அக்தாரர் ஜமான் என்ற நியூயார்க் இளைஞர் 2013-ல் ஸ்கிப்லாக்ட் என்ற தேடல் தளத்தைத் தொடங்கினார். எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்து எங்கே இறங்கினால் மலிவு என்று அது தேடிச் சொல்லும். 2014 நவம்பரில் யுனைடெட் நிறுவனமும் டிக்கெட் விற்கும் ஆர்பிட்ஸ் தளமும் சேர்ந்து அவர் மேல் சிகாகோவில் வழக்குப் போட்டன. அப்போது அவருக்கு வயது 22. ஆர்பிட்ஸ் சமரசம் செய்துகொண்டது. யுனைடெட்டின் வழக்கை 2015-ல் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஜமான் நியூயார்க்வாசி, சிகாகோ நீதிமன்றத்துக்கு அவர் மேல் அதிகாரமில்லை என்பதுதான் காரணம். நடுவில் இறங்குவது சரியா தப்பா என்ற கேள்விக்குள் அந்த வழக்கு போகவே இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டெக்சாஸில் வழக்குப் போட்டது. 2024 அக்டோபரில் ஃபோர்ட் வொர்த் ஜூரி 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதில் பாதி, நிறுவனத்தின் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்திய பதிப்புரிமை மீறலுக்கு. மீதிப் பாதி, அந்த வியாபாரத்தில் தளம் ஈட்டிய வருமானத்துக்கு. இங்கேயும் தண்டனை விழுந்தது விற்றவர் மேல், பறந்தவர் மேல் அல்ல.

பறந்தவர் எப்படி மாட்டுவார் என்பதற்கு 2023-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில் விமான நிலையத்தில் 17 வயதுப் பையன் ஒருவன். கையில் நியூயார்க் வரை டிக்கெட், மாறும் இடம் வட கரோலினாவின் ஷார்லட். அவன் வீடு இருப்பது ஷார்லட்டில். அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினான், அதில் வட கரோலினா முகவரி. கவுன்ட்டரில் இருந்தவருக்குச் சந்தேகம் வந்து தனியாக அழைத்து விசாரித்தார்கள். டிக்கெட் ரத்தானது. குடும்பம் நேர் டிக்கெட் வாங்கித்தான் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தது. அவன் இன்னும் ஒரு விமானத்தைக்கூட விடவில்லை என்பதைக் கவனியுங்கள். விடப் போகிறான் என்ற ஊகமே போதுமானதாக இருந்தது. பெற்றோர் பக்கத்தில் இல்லாத ஒரு பையனைத் தனியாக உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்குச் சம்மதமில்லை. டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் பெரியவர்கள், கேள்வி அவர்களிடம் போயிருக்க வேண்டும். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: இந்த மாதிரி டிக்கெட்டில் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். விமானம் தாமதமாகி வேறு வழியாகத் திருப்பி அனுப்பினால், நியூயார்க் போக வேண்டியவர் என்றுதான் கணினி அவனை அனுப்பும். ஷார்லட் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அதற்கு ஒரு கட்டாயமும் இல்லை.

டிராவல்ஸ்காரர்களுக்கு இதில் தனி அடி உண்டு. நாங்கள் போட்ட டிக்கெட்டில் பயணி நடுவில் இறங்கினால், சில மாதம் கழித்து விமான நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு டெபிட் மெமோ வரும். வித்தியாசத் தொகை இவ்வளவு, இத்தனை நாளுக்குள் மறுப்பு இருந்தால் சொல், இல்லாவிட்டால் கணக்கில் கழித்துக்கொள்வோம் என்று. எங்கள் கடைக்கும் ஒரு தடவை வந்தது. பயணி யார் என்று தேடிப் பார்த்தால், வழியில் உடம்புக்கு முடியாமல் இறங்கியவர். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி அனுப்பி, பல கடிதம் எழுதித்தான் அதைத் தள்ளுபடி செய்ய வைத்தோம். 2010-ல் ஜெர்மன் நீதிமன்றம் சொன்ன அந்த வேறுபாடு, தந்திரம் செய்தவர் வேறு, நேர்ந்துவிட்டவர் வேறு என்பது, அன்றைக்கு எனக்குப் புத்தக விஷயமாக இல்லை.

விமான நிறுவனத் தரப்பை ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியாகாது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2001-ல் இதை ஆராய்ந்தது. நடுவில் இறங்குவதைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் பயணிகளுக்கு லாபம் வருமா என்பது கேள்வி. வராமல் போகலாம் என்றது அறிக்கை. தடையை எடுத்தால் மைய ஊருக்கான விலையை நிறுவனங்கள் இறக்கும் என்று நிச்சயமில்லை, சின்ன ஊருக்கான மலிவு விலையை ஏற்றிவிடலாம், அந்த ஊருக்குச் சேவையையே குறைத்துவிடலாம். திருச்சியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த வாதம் உடனே புரிகிறது. நாங்களும் சின்ன ஊர்தான். எங்கேயோ ஒரு மையத்தில் மாறிப் போகும் மலிவு டிக்கெட்டில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாடு போகிறார்கள்.

அதனால் விலையில் வேறுபாடு இருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேறுபாட்டைக் காப்பாற்ற நிறுவனம் ஒரு தொகை வைப்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தொகை வாங்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேதி மாற்றினால் இவ்வளவு, ரத்து செய்தால் இவ்வளவு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, கடைசி விமானத்தை விட்டால் இவ்வளவு என்று எழுதுவது பெரிய காரியமில்லை. எழுதியிருந்தால் பெர்லின் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கவும் கூடும்.

இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் செய்வது இது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடச் சொல்கிறேன். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, அந்த டிக்கெட்டின் கட்டண விதியைத் திறந்து, அபராதம் என்ற பகுதிக்குப் போகிறேன். நான்கைந்து கேள்வி கேட்கிறேன். திரும்பி வரும் டிக்கெட்டும் இதிலேயே இருக்கிறதா, பெட்டி கொடுப்பீர்களா, மைலேஜ் அட்டை எண் போட்டிருக்கிறீர்களா, கடைசி ஊருக்கு விசா இருக்கிறதா. கடைசி ஊருக்கு விசா இல்லாவிட்டால் புறப்படும் ஊரிலேயே நிறுத்திவிடுவார்கள். நடுவில் இறங்கும் நாட்டுக்குள் நுழைய விசா இல்லாவிட்டால் அங்கே வெளியே வரவும் முடியாது. பாதிப் பேர் இந்த இடத்திலேயே “வேணாம்ணே, நேராவே போட்டுருங்க” என்று சொல்லிவிடுவார்கள்.

மீதிப் பேரிடம் திரையைக் காட்டுகிறேன். தேதி மாற்றத்துக்கு எதிரே ஒரு தொகை இருக்கிறது. ரத்துக்கு எதிரே ஒரு தொகை. வராமல் போனதற்கு எதிரே ஒரு தொகை. இந்திய உள்நாட்டு டிக்கெட்டாக இருந்தால், நீங்கள் ஏறாவிட்டாலும் விமான நிலையக் கட்டணத்தையும் வரியையும் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருப்பதையும் சொல்கிறேன். கேட்டால்தான் தருவார்கள், அதனால் கேளுங்கள் என்கிறேன். பிறகு கீழே கீழே தள்ளிக்கொண்டே போகிறோம். வரிசைப்படி பறக்காவிட்டால் கட்டணம் மறுபடி கணக்கிடப்படும் என்று ஒரு வரி வருகிறது. “எவ்ளோண்ணே?” என்று கேட்கிறார். அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறேன். அதற்கு எதிரே எண் எதுவும் இல்லை.